நிமோனியா நோயாளியின் மூச்சை எண்ணுதல்

நேயர்களுக்கு வணக்கம். நிமோனியா கண்டவரின் நுரையீரலில், காற்று நிரம்ப வேண்டிய நுண்ணறைகளில் நீரும் சீழும் தேங்கிவிடுவதால், இரத்தத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. கிருமியை ஒழிக்கும் மருந்தை மருத்துவர் எழுதித் தருகிறார். அதை நேரம் தவறாமல் கொடுப்பதும், அது வேலை செய்யும் வரை நோயாளியின் மூச்சைக் கண்காணிப்பதும் செவிலியரின் பொறுப்பு.

காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் கருவி சொல்லிவிடுகிறது. மூச்சைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் எண்ண வேண்டும் என்பதால், வேலை நெருக்கடியில் உத்தேசமாக ஓர் எண்ணைக் குறித்துவிடும் பழக்கம் வார்டுகளில் உண்டு. இது ஆபத்தான பழக்கம். நாடி பார்ப்பவர்போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளி அறியாமலே மூச்சின் வேகம் மாறிவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐ எட்டும்போதே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். 30 என்பது நோய் கடுமையாகிவிட்டதன் அடையாளம். விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 95 காட்டுகிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உடல் மூச்சிரைத்துப் பாடுபட்டுத்தான் அந்த 95-ஐத் தக்கவைத்துக்கொண்டிருக்கக்கூடும். விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் அந்த எண் பிழையாகலாம்.

முதியவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. காய்ச்சலோ இருமலோ பெரிதாக இல்லாமல், திடீரென்று பேச்சு குழம்புவதும் உணவை மறுப்பதுமே அவர்களிடம் நோயின் அறிகுறியாக இருக்கலாம். "நேற்றுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்" என்று வீட்டார் சொன்னால், வயதின் கோளாறு என்று தள்ளிவிடாமல், உடனே மூச்சை எண்ணிப் பாருங்கள்.

படுக்கையின் தலைமாட்டை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைத்தால் மூச்சுவிடுவது எளிதாகும். இருமும்போது நெஞ்சு வலிப்பவர் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டால் வலி சற்றுக் குறையும். வலிக்குப் பயந்து இருமலை அடக்குபவருக்குச் சளி உள்ளேயே தங்கிவிடும்.

வாய்ச் சுத்தத்தை நான் மருந்துக்கு இணையாகவே கருதுகிறேன். துலக்காத வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கி, தேறி வருபவரை மறுபடியும் படுக்கையில் தள்ளக்கூடும். ஆகவே நாள்தோறும் இரு வேளையும் பல் துலக்கிவிட்டு, பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். நன்கு விழித்திருக்கும்போது மட்டும், நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது சிறிதாக உணவூட்டுங்கள். உண்டபின் அரைமணி நேரமாவது படுக்கவிடாதீர்கள்.