ஒரு லைஃப் ஜாக்கெட்

அன்பர்களே, வணக்கம்.

1971 டிசம்பர் 9, இரவு 8.45 மணி. டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில் நம் கடற்படையின் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரி போய்க்கொண்டிருக்கிறது. இந்திய-பாகிஸ்தான் போர் தொடங்கி ஏழாவது நாள். வங்கத்தில் நம் படை எதுவரை முன்னேறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவலில், கப்பலில் பலர் வானொலிச் செய்திக்குக் காது கொடுத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் டார்பிடோ, அதாவது தண்ணீருக்கடியில் பாய்ந்து வரும் வெடிகுண்டு, வந்து தாக்கியது.

அடித்தது பாகிஸ்தானின் ஹாங்கோர் என்ற நீர்மூழ்கிக் கப்பல். அதைத் தேடிப் பிடிக்கத்தான் குக்ரியும் கிர்பான் என்ற இன்னொரு இந்தியப் போர்க்கப்பலும் அந்தப் பக்கம் அனுப்பப்பட்டிருந்தன. நீருக்கடியில் இருப்பதை ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கும் சோனார் கருவியின் திறனைக் கூட்டிப் பார்க்கும் ஒரு சோதனைக்காகக் குக்ரி வேகத்தைக் குறைத்துச் சென்றது என்று கடற்படை வரலாறு சொல்கிறது. தேடிப் போன கப்பலே இலக்காகிவிட்டது.

அப்புறம் எல்லாம் சில நிமிடங்கள்தான். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விளக்கு அணைந்துவிட்டது. கப்பல் சாய்கிறது. கீழ்த்தளத்தில் இருப்பவர் குறுகலான ஏணியைக் கையால் தடவித் தேடி மேலே வர வேண்டும். ஏணியும் சாய்ந்துதான் நிற்கிறது. பின்னால் தண்ணீர் ஏறி வருகிறது.

மேலே பிரிட்ஜில், அதாவது கப்பலை நடத்தும் மேல்தளத்தில், இருந்தவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா. கோரக்பூரில் பிறந்தவர், வயது 45. குக்ரிக்கு மட்டும் இல்லை, 14ஆம் ஃபிரிகேட் அணி என்ற போர்க்கப்பல் குழுவுக்கே அவர்தான் தலைவர். கப்பலைக் கைவிடுங்கள் என்று உத்தரவு கொடுத்தார். திகைத்து நின்றவர்களைக் கடலுக்குள் இறக்கிவிட்டார். ஒரு மாலுமியிடம் தன் லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். கேப்டன் கப்பலோடு மூழ்கினார் என்பதைத்தான் எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். சரி, வியக்க வேண்டியதுதான். ஆனால் அப்படி மூழ்கியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்குத் தொண்டை அடைப்பது அந்த ஜாக்கெட்டை நினைக்கும்போதுதான். கடற்படையில் அதிகாரிக்கும் மாலுமிக்கும் சாப்பிடும் இடம்கூட வேறு வேறு. பதவி, மரியாதை, சல்யூட் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் டிசம்பர் மாதக் கடலில், இருட்டில், ஒரு ஜாக்கெட் என்றால் ஒரு உயிர். கப்பலிலேயே மூத்தவர் அதைத் தனக்குக் கீழே வேலை செய்கிற ஒருவன் கையில் கொடுக்கிறார். எடைபோட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. பல வருஷமாக மனத்துக்குள் முடிவாகியிருந்தால்தான் அந்த நொடியில் கை அப்படி நீளும்.

கொடுத்துவிட்டுத் திரும்ப பிரிட்ஜுக்குப் போனார். இன்னும் யாரையாவது வெளியேற்ற முடியுமா என்று பார்க்கத்தான் போனார். கப்பல் மூழ்கும்போது அவர் அங்கேயே இருந்ததைத் தண்ணீரில் தத்தளித்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அந்த இரவில் இறந்தார்கள். 67 பேர் பிழைத்தார்கள். மறுநாள்தான் அவர்களைக் கடலிலிருந்து மீட்க முடிந்தது. முல்லாவுக்கு, போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ரா வழங்கினார்கள்.

கோட்டையையும் கடற்கரையையும் பார்க்க டையூ போகிறவர்கள், கடலைப் பார்த்து நிற்கும் குக்ரி நினைவிடம் உள்ள மேட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கண்ணாடிக்குள் குக்ரியின் சிறிய மாதிரி இருக்கிறது. அதில் பிரிட்ஜ் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.