சொல்லாமல் கொடுக்க வேண்டிய பசு

(மட்டக்களப்பின் படுவான்கரையில் பால் பண்ணையாளர் சங்கக் கூட்டமொன்றில் பேசியது. பேசியதை அப்படியே எழுத முடியவில்லை, கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். காலைப் பாலைக் கொடுத்துவிட்டு, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வெயில் ஏற முன்னம் வந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நான் டொக்டர் இல்லை. கால்நடைப் பக்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன், மனிசரைவிட மாட்டைத்தான் கூடத் தெரியும். எச்.ஐ.வி பற்றிப் பேச எழும்பியதற்குக் காரணம் ஒரு பால் கான்.

ஊரைச் சொல்ல மாட்டேன், கொடுத்தவர்களையும் சொல்ல மாட்டேன். எச்.ஐ.வி தொற்றுள்ள சிலருக்கு ஒரு உதவித் திட்டத்தில் மாடு கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் கொட்டிலுக்கு முன்னால் திட்டத்தின் பெயர் எழுதிய பலகை ஒன்றை நட்டு, மாட்டுக் கயிற்றைக் கையில் பிடிக்கவைத்துப் படமும் எடுத்தார்கள். அந்தப் பலகையை வாசிக்கத் தெரிந்தவனுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. அடுத்த கிழமை நான் பால் சேகரிக்கிற இடத்தில் நின்றேன். மாடு கிடைத்தவர்களில் ஒரு தங்கச்சி ஐந்து லீற்றர் கானைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தார். பக்கத்தில் இருந்த இரண்டு கான் மெல்ல அரை முழம் தள்ளிப் போயின. யாரும் வாய் திறக்கவில்லை. பால் அளக்கிற பொடியன் லக்டோமீற்றரைப் போட்டுப் பார்த்தான், நல்ல பால், புத்தகத்திலும் எழுதினான், பிறகு அதைப் பெரிய கானுக்குள் ஊற்றாமல் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். மூன்று மாதத்தில் அந்த மாடு இறைச்சிக்குப் போய்விட்டது.

சரி, அந்தப் பாலில் என்ன பிழை? ஒன்றுமில்லை. எச்.ஐ.வி மனித உடம்பில் பெருகுகிற கிருமி. மாட்டுக்கு அது தொற்றாது, கறக்கிற கையாலும் பாலுக்கு ஏறாது. இரத்தம், உடலுறவு, தாயிலிருந்து பிள்ளைக்கு, வழி அவ்வளவுதான். தாய்ப்பாலில் வரும் என்று கேள்விப்பட்டுவிட்டு மாட்டுப்பாலிலும் வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அந்தக் குழப்பம் எனக்கு விளங்குகிறது. தாய்ப்பால் அந்தத் தாயின் உடம்பில் ஊறுவது, மாட்டுப்பால் மாட்டின் உடம்பில் ஊறுவது, கறக்கிறவரின் உடம்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதோடு, மாத்திரையை நாள் தவறாமல் போட்டு, இரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவால்கூடத் தொற்றாது. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றிதழே கொடுத்திருக்கிறது. மருந்து அரசாங்கக் கிளினிக்கில் இலவசம்.

உண்மையில் ஆபத்து மறுபக்கம்தான் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிற ஒருவருக்கு எங்கள் மாட்டிடமிருந்து வரக்கூடிய வருத்தங்கள் உண்டு. காய்ச்சாத பாலில் புருசெல்லா என்கிற கிருமி வரும், மாட்டுக் காசநோய் வரும். கழிச்சல் பிடித்த கன்றின் சாணியில் இருக்கிற ஒரு நுண்ணுயிர் எங்களுக்கு ஒரு கிழமை வயிற்றோட்டத்தோடு போய்விடும், அவர்களுக்கு மாதக்கணக்கில் நின்று ஆளையே உருக்கிவிடும். அதனால் பாலைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும், மடியிலிருந்து நேரே வாயில் பீச்சுகிற வீரமெல்லாம் வேண்டாம். கழியும் கன்றை வேறு யாராவது பார்க்கட்டும். கன்று போடும்போது கையுறை. நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுக்கிற பழக்கம் எங்களில் பாதிப்பேருக்கு இருக்கிறது, எச்.ஐ.வி இல்லாதவருக்கும் அது கூடாது.

அப்படியென்றால் ஏன் மாடு, கோழி கொடுத்தால் என்ன, தையல் மெசின் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வீடு எழும்புவதற்கு வழக்கமான வழி வெளிநாடு. வளைகுடாவுக்குப் போக மெடிக்கலில் எச்.ஐ.வி என்று வந்தால் அந்தக் கதவு அதோடு சரி. போன இடத்தில் தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏஜென்சிக்குக் கொடுத்த கடனும், நுண்கடன்காரரின் கிழமைத் தவணையும் மட்டும் வீட்டில் நிற்கும். வட்டையில் அறுவடைக் கூலிக்குப் போகலாம், ஆனால் அது வருஷத்தில் இரண்டு போகம்தான், உடம்பும் முழு நாள் வெயிலைத் தாங்க வேண்டும். பால் காசு அப்படியில்லை, சின்னக் காசு என்றாலும் மாதத்தில் இரண்டு தடவை கைக்கு வரும். மாத்திரை போடுகிறவருக்குச் சாப்பாடும் வேண்டும். பாலையெல்லாம் விற்றுவிட்டு வெறுந் தேத்தண்ணி குடிக்கிற எங்கள் குணம் தெரிந்ததுதானே, அதனால் ஒரு போத்தல் வீட்டுக்கு என்று முதல் நாளே பேசிவிட வேண்டும்.

ஆபிரிக்காவில் இதை எங்களுக்கு முன்னமே யோசித்தார்கள். கென்யாவிலும் உகண்டாவிலும் ஒன்றிரண்டு மாட்டைக் கொட்டிலில் கட்டி யானைப்புல் வெட்டிப்போட்டு வளர்க்கிறவர்கள் லட்சக்கணக்கில். மேற்குக் கென்யாவின் எல்டொரெட்டில் எச்.ஐ.வி சிகிச்சைத் திட்டமே பண்ணை வைத்து மருந்து எடுக்கிறவர்களுக்கு உணவு கொடுத்தது. நாங்கள் மாட்டுக்கு நடுகிற சி.ஓ. 3 புல் இருக்கிறதே, அது அந்த ஆபிரிக்க யானைப்புல்லையும் கம்பையும் கலந்து கோயம்புத்தூரில் உருவாக்கியது. புல் அங்கிருந்து வந்துவிட்டது, யோசனைதான் வரவில்லை.

பட்டி மாடு இதற்குச் சரிவராது. மாதவனை, மயிலத்தமடு என்று காட்டுக்குள் மாட்டுக்குப் பின்னால் நடக்க உடம்பு வேண்டும், அந்த மேய்ச்சல் தரையே காணிச் சண்டையில் கிடக்கிறது. வீட்டு வளவில் ஒரு கலப்பினப் பசு போதும். ஆனால் 300 கிலோ பசுவுக்கு நாளுக்கு 30 கிலோ அளவில் பச்சைப் புல் வேண்டும், அதை வெட்டித் தலையில் சுமந்து பாருங்கள். காய்ச்சலில் படுத்திருக்கிறவரிடம் பசுவைக் கொண்டுபோய்க் கட்டினால் அது உதவியில்லை, உபத்திரவம். மருந்து தொடங்கி, கூடுதலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் உடம்பு ஒரு நிலைக்கு வரும். அந்த நேரத்தில் வளவின் ஒரு மூலையில் புல்லை நடட்டும். புல் வளர்ந்த பிறகு சினைப் பசு.

கொடுக்கிற விதம்தான் எனக்கு முக்கியம். ருவாண்டாவில் 2006இலிருந்து ஏழைக் குடும்பத்துக்கு அரசாங்கமே ஒரு பசு கொடுக்கிறது. முதல் போடுகிற நாகு கன்று, அதாவது பெண் கன்று, அயலவருக்குப் போக வேண்டும். எங்களுக்கும் பங்குக்கு மாடு வளர்க்கிற வழக்கம் இருக்கிறது, புதிதில்லை. சங்கம் இருபது பசு கொடுத்தால் விதவைக்கும், கடன்பட்டவருக்கும், கால் இழந்தவருக்கும் ஒரே படிவம், ஒரே கயிறு. அந்த இருபதில் யார் எச்.ஐ.வி என்று சங்கத்துக்கே தெரியக் கூடாது. கிளினிக் தன் ஆளுக்கு இப்படி ஒரு விண்ணப்பம் இருக்கிறது என்று மட்டும் சொல்லட்டும், விரும்பினால் அவரே வந்து வரிசையில் நிற்கட்டும். பலகை வேண்டாம், படம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இதை ஒருவரும் யோசிப்பதில்லை. கிளினிக் நாள் என்றால் விடிய முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பால் வண்டியும் அதே நேரத்துக்குத்தான் வரும். கறக்காமல் போனால் மடி வீங்கும், கறந்தால் பஸ் போய்விடும். அப்புறம் என்ன, மாத்திரைதான் தவறும். அதனால் சங்கத்தில் ஐந்து வீட்டுக்கு ஒரு கறவைக் கூட்டு வையுங்கள். "நாளைக்கு நான் இல்லை, மாட்டைப் பாருங்க மச்சான்" என்றால் போதும், எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கலியாண வீடோ, கோட்டு வழக்கோ, கிளினிக்கோ, அவர் பாடு. 2022 டிசம்பர்க் குளிரில் வடக்குக் கிழக்கெல்லாம் மாடு செத்து விழுந்தபோது போர்த்தச் சாக்கைக் கொண்டு ஓடியவர்கள் நீங்கள்தான், உங்களுக்கு இது பெரிய வேலையில்லை.

பின்வரிசையில் ஐயா ஒருவர் கை உயர்த்துகிறார். "அப்ப எங்கட சங்கத்தில ஆர் அந்த ஆள்?" என்கிறார். ஐயா, இவ்வளவு நேரமும் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? சரி, கறவைக் கூட்டுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் செயலாளரிடம் கொடுங்கள், விடிய நாலரைக்கு எழும்பக்கூடியவர்கள் மட்டும்.