குடிமகனுக்குத் தனியுரிமை, அதிகாரத்துக்கே வெளிப்படைத்தன்மை

நடுவர் அவர்களே, காரைக்குடியிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். 'இணைய யுகத்தில் சமூகத்துக்கு அரண் வெளிப்படைத்தன்மையா, தனியுரிமையா?' என்ற இன்றைய தலைப்பில், தனியுரிமையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "தவறு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுக் கைத்தட்டல் பெற்றார். அதற்கு நம் செட்டிநாட்டு வீடுகளே விடை சொல்லும். முகப்பில் நின்றால் வளவு என்னும் நடு முற்றத்தையும் கடந்து பின்வாசல் வரை நேராகத் தெரியும்படி கட்டிய அதே முன்னோர், வளவைச் சுற்றி மணமான மகன்களுக்குத் தனித்தனி அறை ஒதுக்கி, தனித்தனிச் சாவியும் கொடுத்தார்கள். அந்த அறைகளில் களவுப் பொருளா இருந்தது? பெண்ணின் சீர்ச் சாமானும், கடல் கடந்து போன கணவன் எழுதிய கடிதங்களும் இருந்தன.

இன்று அந்தச் சாவியை யார் யாரிடமோ கொடுக்கிறோம். ஆதார் நகல் வேண்டுமென்றால் செராக்ஸ் கடை வாசலில் நின்றபடியே கடைக்காரரின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். நகல் நம் கைக்கு வந்துவிடுகிறது. கோப்போ பிறந்த தேதி, முகவரி, படம் எல்லாவற்றோடும் அந்தக் கணினியிலேயே கிடக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அந்தக் கணினியில் நாளை உட்காரப்போகிறவர் யார் என்று நமக்குத் தெரியுமா? கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. தாய்மார்கள் அதைக் கேட்டுப் பழக வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே வேண்டிக்கொள்கிறேன்.

இதைவிடக் கொடியது கடன் செயலிகளில் நடந்தது. அவசரத்துக்குச் சில ஆயிரம் கொடுத்த சில செயலிகள், கைப்பேசியின் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் திறக்க அனுமதி வாங்கிக்கொண்டு, தவணை தவறியதும் உறவினர்களை அழைத்து ஏசின. படத்தை ஆபாசமாகச் சிதைத்து அவர்களுக்கே அனுப்பின. மானத்துக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் மறைக்க வேண்டிய எந்தக் குற்றத்தைச் செய்தார்கள், நடுவர் அவர்களே?

பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் பற்றிய தீர்ப்பை எதிரணியினர் எடுத்துக்காட்டினார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்ததை நாங்களும் வரவேற்கிறோம், ஏனென்றால் கட்சிகளுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை. தனியுரிமையின் எல்லை எதுவென்று காட்ட நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே போதும். கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கரின் தன்வரலாறு நக்கீரன் இதழில் வெளிவருவதை அதிகாரிகள் தடுக்க முயன்றபோது, 1994இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே சொன்னது: பிறர் தலையீடின்றித் தனித்து விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு, தம் அலுவல் பணி தொடர்பான செயல்களுக்கு அந்த உரிமையைக் கேடயமாக்க அதிகாரிக்கு வழியில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அடிப்படை உரிமை என்று உறுதிசெய்ததும் இந்தத் தனியுரிமையைத்தான்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தனிநபர் தகவலானாலும் பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்று 8(1)(ஜே) உட்பிரிவிலேயே இருந்த வாசகத்தை, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கிவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் வெளியிட வழிதரும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்று சமாதானம் சொல்கிறார்கள். ஆனால் மனுவைக் கையில் வாங்கும் அலுவலருக்கு மறுப்பதற்கான வழி முன்னைவிட எளிதாகிவிட்டது. இது தனியுரிமையின் பெயரால் அதிகாரத்துக்குப் போடப்பட்ட திரை. அந்த வாசகத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று எதிரணிக்கு முன்பாக எங்கள் அணியே கேட்கிறது. அதையும் கருத்தில் கொண்டு தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.