கோணல் பல்லு உங்களுக்கு மட்டும் இல்ல

வணக்கம், வெள்ளவத்தையில போன கிழமை ஒரு கலியாண வீடு, போட்டோக்காரர் "கொஞ்சம் சிரியுங்கோ பிள்ளை" எண்டு சொல்ல, எனக்குப் பக்கத்தில நிண்ட பிள்ளை டக்கெண்டு கையால வாயைப் பொத்திட்டுது. வேற ஒண்டுமில்ல, முன்பல்லு கொஞ்சம் மிதப்பு. இண்டைக்கு அதைப் பற்றித்தான் கதைக்கப் போறம்.

இது அபூர்வமான விஷயமே இல்ல. பல நாட்டு ஆய்வுகளை ஒண்டாச் சேர்த்து 2020ல கணக்குப் பார்த்ததில 100 பிள்ளைகளில 56 பேருக்கு ஏதோ ஒரு விதத்தில பல்வரிசை பிசகி இருக்கு. நாட்டுக்கு நாடு, அளக்கிற விதத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு நல்லா மாறும், அதால 56ஐப் பிடிச்சுக்கொண்டு கொமெண்ட்ஸில சண்டைக்கு வராதேங்கோ.

ஏன் இப்பிடி வருது? தெத்துப்பல்லையே எடுங்கோவன். மேல் வேட்டைப்பல்லு முளைக்கிறது 11, 12 வயசிலதான், அதுக்குள்ள மற்றப் பல்லெல்லாம் இடம் பிடிச்சு இருந்திடும், பின்னேரம் புறக்கோட்டையில வெளிக்கிடுற 100ஆம் நம்பர் பஸ்ஸில கடைசியா ஓடிவந்து ஏறுறவர் மிதிபலகையில தொங்குவாரே, அதே கதைதான். பிறகு தாடை அமைப்பு பரம்பரையா வரும், விரல் சூப்புறதும் ஒரு காரணம். எனக்குக் கோபம் வாறது எதுக்கெண்டா, "விழுற பல்லுதானே" எண்டு பாற்பல்லுச் சூத்தையைக் கவனிக்காம விடுறது. அதை வேளைக்கே பிடுங்க வேண்டி வந்தா பக்கத்துப் பல்லு அந்த இடைவெளிக்குள்ள சரிஞ்சிடும், பிறகு வாற பல்லு எங்க போறது?

பல்லை நேராக்கக் கிளிப், அதுதான் கம்பி, போட வாற கனபேருக்கு முதல் காரணம் அழகுதான், அதில வெட்கப்பட என்ன இருக்கு. ஆனா மிதந்த முன்பல்லு விழுந்து அடிபட்டா உடையிற சான்ஸ் கூட, நெருங்கி நிக்கிற பல்லுக்கிடையில பிரஷ் ஒழுங்காப் போகாது, சூத்தையும் முரசு வருத்தமும் வர வழி. மற்றபடி சின்னக் கோணல் எல்லாத்துக்கும் கிளிப் தேவையில்ல, வாட் பிளேஸில இருக்கிற தேசிய பல் வைத்தியசாலையிலயோ நீங்க வழமையாப் போற டொக்டரிட்டயோ காட்டிப்போட்டு முடிவெடுங்கோ.

கம்பி பல்லை இழுக்கேக்க ஒரு பக்க எலும்பு கரையும், மற்றப் பக்கம் புது எலும்பு வளரும். மாசத்துக்குச் சுமார் 1 மில்லிமீற்றர்தான் பல்லு நகரும், அதுதான் ஒண்டரை, ரெண்டு வருஷம் இழுக்குது. கம்பியைக் கழட்டின பிறகு, பல்லை அந்த இடத்திலயே பிடிச்சு வச்சிருக்கிற ரிட்டெய்னர் போடாட்டி பல்லு பழைய இடத்துக்கு மெல்லத் திரும்பப் பார்க்கும்.

என்ர மச்சான் ஒருத்தன் கொத்துக் கடையில ரிட்டெய்னரைக் கழட்டி டிஷ்யூவில சுத்தி மேசையில வச்சிருக்கிறான், கடைப் பெடியன் கோப்பையோட அள்ளிக்கொண்டு போயிட்டான். ரெண்டு பேருமா குப்பை வாளியைக் கவிட்டுத் தேடினம், கோழி எலும்புக்கடியில கிடந்தது. அதுக்கெண்டு ஒரு டப்பா குடுத்திருப்பினம், அதைக் கையோட கொண்டு திரியுங்கோ.