பாபநாசத்தில் குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள்: கொற்கை வரை ஒரு நாள்

வணக்கம் மக்களே. பின்னால் இரைச்சல் கேட்கிறதா? தாமிரபரணிதான். பாபநாசம் படித்துறையில் நிற்கிறேன், மணி ஆறரை, கையில் வைத்திருந்த வாழைப்பழத்தைக் குரங்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது, கேட்டு வாங்கவில்லை.

இங்கே வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? அகத்தியர் அருவியில் ஒரு குளியல், பாபநாசநாதரைக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். நானும் பத்து வருஷமாக அதைத்தான் செய்தேன். பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடா வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றில் நாம் பார்ப்பது தலையை மட்டும்தான். இன்றைக்கு ஸ்கூட்டரில் தண்ணீர் போகிற பக்கமே போகப்போகிறேன், நான்குவழிச்சாலை பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

இப்போது அம்பாசமுத்திரம் தாண்டிவிட்டேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் அம்பை, அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி, அப்பளத்துக்குப் பேர்போன ஊர், நான்கு கட்டு வாங்கிவிட்டேன். இந்தச் சாலையில் வயலும் வாய்க்காலும் கூடவே வருகின்றன, வண்டிக் கண்ணாடியில் பொதிகை மலை தெரிந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு பச்சைக்கும் காரணம் அணைக்கட்டுகள். இந்த ஆற்றின் குறுக்கே எட்டு உண்டு, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று. பேரைக் கேட்டாலே ஆற்றை எப்படிப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது பாருங்கள், நதியையே உண்ணுகிறதாம்!

சரி, திருப்புடைமருதூர். இதற்குத்தான் முக்கியமாக வந்தேன், இதில்தான் கோட்டையும் விட்டேன். இங்கே இருக்கிற நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்கு உள்ளே ஐந்து நிலைகளிலும் சுவரோவியம், மரச்சிற்பம் எல்லாம் இருக்கின்றன, 1532-இல் தாமிரபரணிக் கரையில் விஜயநகரப் படைக்கும் திருவிதாங்கூர்ப் படைக்கும் நடந்த போரை வரைந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நான் அப்பளம் வாங்கி, டீ குடித்து, ஆற்றங்கரையில் நாரைகளைப் படம் பிடித்து, ஆடி அசைந்து வந்தால் நடை சாத்தியாகிவிட்டது. மத்தியானம் கோயில் சாத்துவார்கள் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஆச்சி, "நாலு மணிக்கு வாய்யா, சாமி எங்க போகப்போகுது" என்றார்கள். அவர்களே ஒரு கதையும் சொன்னார்கள். கருவூர்ச் சித்தர் அக்கரையில் நிற்கிறார், ஆற்றில் வெள்ளம், கடக்க முடியவில்லை, "நாறும்பூநாதா" என்று கூப்பிடுகிறார், அதைக் கேட்கச் சாமி காதைச் சாய்த்தாராம், அதனால்தான் லிங்கம் இன்றைக்கும் சாய்ந்தே இருக்கிறதாம். வெள்ளத்தோடு வாழ்கிற ஊரில்தான் இப்படிக் கதை வரும்.

அப்புறம் பத்தமடை. கோரையை நாராகக் கீறி ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு நெய்கிற பாய், துணி மாதிரி மடிக்கலாம். விலையைக் கேட்டுவிட்டுத் தொட்டுப்பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

இது திருநெல்வேலி, குறுக்குத்துறை. இந்த முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே, பாறையில் இருக்கிறது. கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், தண்ணீர் வருகிற பக்கத்துச் சுவரைப் பாருங்கள், நேராக இல்லை, படகின் முனை மாதிரி கூராக இருக்கிறது. வெள்ளம் வந்து மோதினால் இரண்டாகப் பிரிந்து போய்விடும். வெள்ள நேரத்தில் உற்சவரைக் கரைமேல் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்ப அழைத்துவருவார்கள். ஆற்றை மறித்துக் கட்டாமல் ஆற்றுக்கு வழிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடலோரத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதற்கப்புறம் இந்தச் சுவரை வேறு மாதிரிதான் பார்க்கத் தோன்றுகிறது.

கொஞ்ச தூரத்தில் சுலோச்சனா முதலியார் பாலம், 1843-இல் திறந்தது. அதுவரை நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே படகுதான். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோச்சனா முதலியார், சொந்தக் காசைப் போட்டுக் கட்டினார். இன்றைக்கும் அதன் மேல் பஸ் ஓடுகிறது, நான் நிற்கவே இடமில்லை, ஹாரன் அடிக்கிறார்கள், கிளம்புகிறேன்.

திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்கள் தனி வீடியோ, இப்போது தொடமாட்டேன்.

ஆதிச்சநல்லூர், அந்தக் காலத்தில் இறந்தவர்களைத் தாழி என்கிற பெரிய மண்பானையில் வைத்துப் புதைத்த இடம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை, செம்மண் மேடு, முள்செடி, வெயில். உள்ளூரில் பறம்பு என்பார்கள். 1876-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் இங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொருட்கள் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. இப்போது தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு மியூசியம் வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிமேல் நிற்கிறேன், காலுக்கு நேர் கீழே தாழி, வாய் உடைந்து, பாதி மண்ணோடு. பொருளை எடுத்துப்போய் அலமாரியில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன், ஆனால் காலை அழுத்தி வைக்கத்தான் மனசு வரவில்லை.

கடைசியாகக் கொற்கை, வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர்போன ஊர் என்று படித்திருப்பீர்கள். இப்போது குளம், வாழைத்தோட்டம், சாய்ந்து கிடக்கிற ஒரு பழைய வன்னி மரம். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் காரணம். காலையில் பாபநாசத்தில் பார்த்தோமே, அதே தண்ணீர்தான் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைச் சுமந்து வந்து ஒரு துறைமுகத்தையே தூர்த்துவிட்டது!

புன்னைக்காயல் முகத்துவாரம் வரை போகவேண்டும் என்று ஆசை, போனில் நான்கு சதவீதம்தான் சார்ஜ். ஏரலிலிருந்து அங்கே போக நல்ல ரோடு எது என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். அப்பளம் வேறு நொறுங்கிப் போ