பேர் ஆக்ட்டும் கைப்பழக்கமும்
(சேலத்தில் இளம் வழக்கறிஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த வழக்கறிஞர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் நீதித்துறைப் பெரியவர்களே, பிள்ளைகளோடு ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெற்றோர்களே, பொன்னாடை போர்த்திய வரவேற்புக் குழுவினரே, அனைவருக்கும் வணக்கம். 1882 சேலம் கலவர வழக்கில் தண்டனை பெற்றும், சட்டத்தைக் கொண்டே போராடி விடுதலையான விஜயராகவாச்சாரியாரின் ஊர் இது. ராஜாஜி வக்கீல் தொழில் செய்த ஊர். இங்கே பேச அழைத்ததற்கு நன்றி.

சட்டம் படித்தவர்கள் தொடர்ந்து வக்கீல் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய வழக்கறிஞர் தேர்வை முதல் தடவையிலேயே தாண்டுவது எப்படி? இரண்டு விஷயம் சொல்கிறேன்: பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகம்; அடுத்தது நேரம்.

தேர்வில் 100 கேள்வி. தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். அதனால் ஒன்றையும் விடாதீர்கள். பொதுப்பிரிவுக்கு 45 எடுத்தால் தேர்ச்சி. தமிழிலேயே எழுதலாம். குறிப்புகள் இல்லாத பேர் ஆக்ட்டை உள்ளே எடுத்துப் போகலாம். பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். புத்தகம்தான் கையில் இருக்கிறதே என்று புரட்டாமலே போய்விடுகிறார்கள். ஒரு கேள்விக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு நிமிடம். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம், சட்டமும் அப்படித்தான்.

ஏற்காட்டு மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி அஸ்தம்பட்டி கோர்ட்டில் ஜூனியராக இருந்தாள். அவள் சீனியரிடம் வயதான குமாஸ்தா ஒருவர். சாயங்காலம் டீ வந்ததும், "ஏம்மா, முன்ஜாமீன் எங்கே இருக்குது?" என்பார். அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். 2024 ஜூலை 1-ல் புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்தன. எஃப்.ஐ.ஆர். என்றால் வாய் தானாகப் பழைய சட்டத்தின் பிரிவு 154 என்று சொல்லும். இப்போது அது பி.என்.எஸ்.எஸ். எனும் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173. கொலைக்கு 302 போய், பி.என்.எஸ். எனும் புதுத் தண்டனைச் சட்டத்தில் 103. பழைய நம்பரைச் சொன்னால் பெரியவர் டம்ளரை ஓங்கி வைப்பார், டீ சிந்தும்! அந்தப் பெண்ணும் விடவில்லை. பொருளடக்கத்தைப் பார்க்காமலே புரட்டுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது. தேர்வன்று பக்கத்தில் ஒரு தம்பி விளக்கவுரைப் புத்தகங்களைச் சுமந்து வந்து, வாசலிலேயே பறிகொடுத்து, வெறுங்கையோடு உட்கார்ந்தான். இவள் முதல் தடவையிலேயே பாஸ். இனிப்போடு போனவளிடம் பெரியவர், "சரி, சிவில் அப்பீல் எங்கே?" என்றாராம். "சிவில் நடைமுறைச் சட்டம் 96 ஐயா" என்றாளாம், புத்தகத்தைத் தொடாமலே! சித்திரமும் கைப்பழக்கம்!

ஆனால் அந்தப் பெண் படித்த இடம் எது தெரியுமா? ஆபீஸ் பூட்டிய பிறகு பேருந்து நிலையத்தில், ஏற்காட்டு பஸ் வரும் வரை, கடை வெளிச்சத்தில். இது அவளுக்குப் பெருமை, நமக்குத் தலைகுனிவு. நகரத்தில் அறை எடுத்துப் படிக்க வசதியில்லாத பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம். புதுச் சட்டங்களின் பேர் ஆக்ட் தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்துப் பத்துப் பிரதி, நாலு மேசை, பெண்களுக்குப் பாதுகாப்பு, இரவு ஒன்பது மணி வரை விளக்கு. இப்படி ஒரு சட்டப் படிப்பகம் சேலத்துக்கு வேண்டும். கோர்ட் பக்கத்திலேயே வேண்டும். இடம் கிடைத்தால் புத்தகம் வாங்கித் தர மூத்தவர்கள் முன்வர வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

வாசலருகே மேசையில் மனு இருக்கிறது. பெயர், ஊர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். வர முடிந்தவர்கள் காலை பத்து மணிக்கு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.