செவ்வாய்க்கிழமை பூட்டிய கதவு, புதன்கிழமை கொரில்லா

வணக்கம். எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: மைசூரு உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதைப் பார்க்காமல், சத்தியமங்கலத்தில் விடியற்காலையில் பேருந்து ஏறி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிறு கலங்கக் கடந்து வந்து, பூட்டிய கதவின் முன்னால் நான் நின்ற காட்சியை முந்தைய காணொளியில் பார்த்துவிட்டீர்கள். கருத்துப் பகுதியில் நீங்கள் எழுதியவற்றை நானும் படித்துவிட்டேன். "அக்கா, ஊட்டிக்குக் குடை இல்லாமல் போனவர்தானே நீங்கள்" என்று இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கையும் எடுத்து வைத்திருக்கிறீர்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

ஆகவே ஓர் இரவு தங்கினேன். அறைக்கு 900 ரூபாய் போனது. அதற்காக நான் வருந்தவில்லை; வருந்தியது 150 ரூபாய்க்கு. புதன்கிழமை காலையில் புறநகர்ப் பேருந்து நிலையத்தின் வாசலில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் பூங்காவுக்கு 150 ரூபாய் கேட்டார். இரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். மீட்டர் போடுங்கள் என்றேன். மீட்டர் பழுது என்றார். நூறு தருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் அந்த வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அரண்மனை மதிலை ஒட்டிய பக்கம் நிழலாகத்தான் இருந்தது. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மாலையில் திரும்பும்போது வேறோர் ஓட்டுநர், நான் கேட்காமலேயே மீட்டரைப் போட்டு, 40 ரூபாய் வாங்கிக்கொண்டார். போகும்போது நடை, வரும்போது நாற்பது. காலையில் கேட்ட தொகையில் 110 ரூபாய் மிச்சம். அதில் ஐம்பது ரூபாய்க்கு இளநீர் குடித்தேன், மீதி அறுபது இன்னும் பையில் தனியாக இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்காதீர்கள். தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு ஆட்டோ வாடகையைப் பங்கு போட ஆள் இல்லை.

காலை எட்டரைக்குக் கதவு திறந்ததும் உள்ளே போனவர்களில் நானும் ஒருத்தி. நேராகக் கொரில்லாவிடம் போக வேண்டும் என்பதுதான் திட்டம். என் காணொளிகளைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம்: எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் இதே பூங்காவில் போலோ என்ற கொரில்லாவைப் பார்த்தேன், அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஆசிரியை விசில் ஊதி எங்களை இழுத்துச் சென்றுவிட்டார். அவன் 1995-இல் அயர்லாந்தின் டப்ளின் நகர உயிரியல் பூங்காவிலிருந்து வந்தவன். அப்போது இந்தியா முழுவதிலும் இருந்த ஒரே கொரில்லா அவன்தான். 2014-இல் இறந்துபோனான். அதன் பிறகு ஏழு ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட்டில், ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு ஆண் கொரில்லாக்கள் மைசூருக்கு வந்தன. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்தே போக வேண்டும், போக வேண்டும் என்று உங்களிடம் சொல்லிச் சொல்லி நாட்களைக் கடத்தியவள் நான்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நேராகக் கொரில்லாவிடம் போகவில்லை; ஒட்டகச்சிவிங்கி தடுத்துவிட்டது. நுழைந்து சிறிது தூரத்திலேயே அவை நிற்கின்றன, அந்தக் கழுத்தைப் பார்த்தபடி கடந்து போக எனக்கு மனம் வராது. பெரும்பாலானோர் புலியைத் தேடி ஓடுகிறார்கள். புலி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பூங்காவிலும் அது தூங்கிக்கொண்டே இருக்கிறது. இங்கும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையார் 1892-இல் ஏறத்தாழப் பத்து ஏக்கரில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை இது. இன்று பக்கத்திலுள்ள கரஞ்சி ஏரியையும் சேர்த்தால் 150 ஏக்கருக்கு மேல் வருகிறது. மரங்கள் அந்தக் காலத்து மரங்கள். நடுப்பகலிலும் தொப்பி தேவைப்படவில்லை. அடைப்புகள் பலவற்றின் முன்னால், அந்த விலங்கின் பராமரிப்புச் செலவை ஏற்றுத் தத்தெடுத்தவர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. ஒரு சிறுவன் பிறந்தநாளுக்குக் கிளியைத் தத்தெடுத்திருந்தான். கேக்கை விட நல்ல செலவு.

இப்போது கொரில்லா. நான் போனபோது கண்ணில் எதுவும் படவில்லை. எதிரிலிருந்த திண்டில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். கூட யாராவது வந்திருந்தால் பதினைந்தாவது நிமிடத்தில் "போகலாமா" என்று கேட்டிருப்பார்கள். நான் தனியாகப் போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். முதலில் தலை தெரிந்தது, பிறகு முன்கை விரல்களின் கணுக்களைத் தரையில் ஊன்றியபடி முழு உருவமும் வந்தது. முதுகில் வெள்ளிப் பூச்சுப் போல நரைத்த ரோமம் பளிச்சென்று இருந்ததால், மூத்தவனான தாபோவாகத்தான் இருக்க வேண்டும். ஆண் கொரில்லாவுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் அந்த நிறம் ஏறும். அவன் ஒரு கிளையை எடுத்து, வாயின் ஓரத்தில் வைத்து இழுத்து, இலைகளை மட்டும் உருவித் தின்றான். முருங்கைக்கீரை உருவும் என் பாட்டியின் கைவேகம் அதில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு குடும்பம் வந்தது. அதில் பெரியவர், குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவதற்காக, இரண்டு முட்டியாலும் நெஞ்சில் குத்திக்கொண்டு கத்தினார், பிறகு விசில் அடித்தார். எனக்கு வந்த கோபத்தை இங்கே முழுமையாகச் சொல்ல முடியாது. முதலாவது, கொரில்லா முட்டியால் குத்துவதில்லை. உள்ளங்கையைக் குவித்துத்தான் நெஞ்சில் தட்டும், அதனால்தான் அந்த ஓசை காட்டில் வெகுதூரம் கேட்கும். இரண்டாவது, அதன் கண்ணை நேராக உற்றுப் பார்ப்பதையே அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளும்; அதற்காகவே நான் அவ்வளவு நேரமும் பக்கவாட்டில் திரும்பி, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை அவரிடம் சொன்னேன், தமிழிலேயே சொன்னேன். மைசூரில் தமிழ் புரியாமல் போவது அரிது. அவர் சிரித்துவிட்டுப் போனார். தாபோ எழுந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். எட்டாம் வகுப்பில் பார்த்த அதே முதுகு போல இருந்தது. நீங்கள் இப்போது பார்க்கும் இந்தக் காட்சியில் ஒலியை நீக்கியிருக்கிறேன். விசிலைக் கேட்க வேண்டாம்.

இரண்டும் ஆணாக இருக்கின்றனவே, ஜோடி இல்லையா என்று போன காணொளிக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். காட்டில் ஒரு கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு தலைவன், பல பெண் கொரில்லாக்கள். வளர்ந்த ஆண்கள் கூட்டத்தை விட்டு வெளியேறித் தனித்துத் திரியும், சில சமயம் தங்களுக்குள் சேர்ந்துகொள்ளும். பூங்காக்களிலும் பிறக்கும் குட்டிகளில் பாதிக்குப் பாதி ஆண்கள், ஆனால் கூட்டத்துக்கு ஒரு தலைவன் போதும். ஆகவே மீதமுள்ள ஆண்களைச் சேர்த்து வைக்கிறார்கள். துணையின்றி இருந்த போலோவை விட இவர்கள் நிலை மேல்.

இளையவன் டெம்பாவை நான் நாள் முழுவதும் பார்க்கவில்லை. மூடுவதற்கு முன் இன்னொரு முறை திரும்பிப் போய்ப் பார்த்தும் வெறும் புல்தான் இருந்தது. ஆகவே மறுபடியும் போவேன், அப்போது கரஞ்சி ஏரியையும் பார்ப்பேன். அந்த ஏரிப் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறையாம். இந்த முறை குறித்து வைத்துக்கொண்டேன், ஆகவே என்னைக் கேலி செய்ய நீங்கள் வேறு ஏதாவது தேடிக்கொள்ளுங்கள்.